கண்ணாடி, டார்ச், கொஞ்சம் பஞ்சு: 43 ஜோடி நரம்புகளை உங்கள் உடலிலேயே படிக்கலாம்

உடற்கூறியல் படிக்கத் தொடங்குபவர்கள் எலும்பையும் தசையையும் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். நரம்புப் பாடம் வந்ததும்தான் திணறல் ஆரம்பிக்கும். மூளையிலிருந்து கிளம்புபவை 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து கிளம்புபவை 31 ஜோடி. வரிசையாக ஒப்பித்துப் படித்தால் மறுநாள் காலையில் பாதி மறந்துவிடும். எனக்குக் கைகொடுத்த வழி வேறு. ஒவ்வொரு நரம்புக்கும் உடலில் ஒரு விலாசம் உண்டு. அந்த இடத்தைத் தொட்டு, அசைத்து, கண்ணாடியில் பார்த்துப் படித்தால் அது மனதில் தங்கிவிடும். ஒரு முகக்கண்ணாடி, சின்ன டார்ச், கொஞ்சம் பஞ்சு, கூட ஒரு நண்பர் இருந்தால் போதும்.

படி 1: உணர்வு எது, இயக்கம் எது?

காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கால் மரத்துப்போகிறது அல்லவா? அப்போது தொட்டால் தெரியாது, சிலசமயம் பாதத்தைத் தூக்கவும் வராது. இரண்டும் ஒன்றாகப் போவதற்குக் காரணம், அழுந்திய நரம்புக்குள் உணர்வு இழைகளும் இயக்க இழைகளும் கலந்து ஓடுவதுதான். தண்டுவட நரம்புகள் எல்லாமே பெரும்பாலும் இப்படிக் கலவைதான். தண்டுவடத்தின் பின்பக்க வேர் வழியாக உணர்வு உள்ளே போகிறது, முன்பக்க வேர் வழியாகக் கட்டளை வெளியே வருகிறது. இரண்டு வேர்களும் சேர்ந்தால் ஒரு தண்டுவட நரம்பு.

மூளை நரம்புகள் அப்படி இல்லை. அவற்றை 1 முதல் 12 வரை எண்ணால் குறிப்பார்கள், பெயர்கள் அடுத்த படியில் வரும். 1, 2, 8 மூன்றும் உணர்வுக்கு மட்டும். 3, 4, 6, 11, 12 இயக்கத்துக்கு. 5, 7, 9, 10 கலவை. இதை மட்டும் ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிவையுங்கள்.

படி 2: பெயர்கள்

மூளையின் அடிப்பக்கத்தில் முன்னிருந்து பின்னாக வரும் வரிசையில்தான் எண் கொடுத்திருக்கிறார்கள். முகர்வு நரம்பு, பார்வை நரம்பு, கண்ணியக்க நரம்பு, ட்ராக்லியர், ட்ரைஜெமினல், அப்டியூசென்ஸ், முக நரம்பு, செவி நரம்பு, குளோசோஃபாரிஞ்சியல், வேகஸ், ஆக்ஸசரி, ஹைபோகுளோசல். இப்போதைக்கு ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் போதும். 1-ஐ உடனே முடித்துவிடலாம்: கண்ணை மூடி, ஒரு மூக்குத் துளையை அடைத்துக்கொண்டு சோப்பை முகர்ந்து பாருங்கள். பிறகு மறுபக்கம்.

படி 3: கண்

அறை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு நண்பரைத் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாட்டிலிருந்து அவருடைய வலது கண்ணில் மட்டும் ஒரு கணம் டார்ச் அடியுங்கள். கண்ணின் கருவட்டம் சட்டென்று சுருங்கும். மறுபடி அடியுங்கள், இந்த முறை இடது கண்ணைக் கவனியுங்கள். வெளிச்சமே படாத அதுவும் கூடவே சுருங்கும்! செய்தி உள்ளே போனது 2 வழியாக. மூளைத்தண்டில் அது இரு பக்கமும் பிரிந்து, 3 வழியாக இரண்டு கண்ணுக்கும் கட்டளையாகத் திரும்புகிறது. மயக்கத்தில் கிடப்பவரின் கண்ணில் மருத்துவர் டார்ச் அடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். மண்டைக்குள் வீக்கமோ ரத்தக்கசிவோ 3-ஆம் நரம்பை நசுக்கினால், அந்தப் பக்கக் கருவட்டம் விரிந்தபடியே நின்றுவிடும்.

கண்ணை வெளிப்பக்கம் திருப்புவது 6. மூக்கின் பக்கம் திரும்பிய கண்ணைக் கீழே இறக்குவது 4. மற்ற அசைவுகள் எல்லாம் 3. இமையைத் தூக்குவது 3, மூடுவது 7. இந்தக் கடைசி ஜோடியைத்தான் எல்லோரும் குழப்பிக்கொள்வார்கள்.

படி 4: முகம்

இங்கே அவசரப்படாதீர்கள், மூளை நரம்புகளில் அன்றாடத்துக்கு மிகவும் பயன்படும் பாடம் இதுதான்.

பஞ்சால் நெற்றி, கன்னம், தாடை மூன்றையும் மெல்ல வருடுங்கள். தெரிகிறதா? அது 5, அதாவது ட்ரைஜெமினலின் மூன்று கிளைகள். இப்போது விரலைத் தாடை மூலையில் வைத்துப் பல்லைக் கடியுங்கள். விரலுக்கடியில் புடைக்கும் தசையை ஆட்டுவிப்பதும் 5-தான். அடுத்து கண்ணாடி முன் புருவத்தை உயர்த்துங்கள், கண்ணை இறுக மூடுங்கள், பல்லைக் காட்டுங்கள், கன்னத்தை ஊதுங்கள். இவை அத்தனையும் 7. பல்வலி 5 வழியாக வருகிறது, சிரிப்பு 7 வழியாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நெற்றிக்கு வருவோம். வாய் ஒரு பக்கம் கோணிப்போன ஒருவரிடம் புருவத்தை உயர்த்தச் சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும். நெற்றியிலும் அந்தப் பக்கம் சுருக்கம் விழவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் முக நரம்பிலேயே இருக்கிறது, பெல்ஸ் பால்சி என்ற முகவாதம் போல. நெற்றி நன்றாகச் சுருங்குகிறது, வாய் மட்டும் கோணல் என்றால் பக்கவாதமாக இருக்கலாம். ஏனென்றால் நெற்றித் தசைக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. வாய்ப்பகுதிக்கு எதிர்ப்பக்க மூளையைத்தான் நம்பியிருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்வது படிப்புக்காக. வீட்டில் யாருக்காவது வாய் கோணினால் நெற்றியைப் பார்த்து முடிவெடுத்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

படி 5: காது, தொண்டை, தோள்

காதருகே விரல்களைத் தேய்த்தால் கேட்கிறதா? 8. சாயாமல் நிற்க உதவுவதும் அதே நரம்பின் இன்னொரு பாதி. வாயைத் திறந்து 'ஆ' சொல்லும்போது அண்ணம் நடுவில் சீராக உயர்ந்தால் 10 நலம். நாக்கை நீட்டுவது 12. அது பழுதானால் நாக்கு பழுதான பக்கமே சாயும், ஏனென்றால் நல்ல பக்கத்துத் தசை மட்டும் முன்னால் தள்ளுகிறது. சுவையில் நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கு 7, பின் மூன்றில் ஒரு பங்கு 9. தோளைக் குலுக்குவது 11.

10-ஆன வேகஸைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். லத்தீனில் அந்தப் பெயருக்கு 'அலைவது' என்று பொருள். கழுத்து, இதயம், நுரையீரல் தாண்டிக் குடல் வரை போகிறது. குரல்வளைக்குப் போகும் இடப்பக்கக் கிளை நேராகப் போவதில்லை. மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றி, மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. ஆகவே குரல் கம்மினால் காரணம் சிலசமயம் நெஞ்சுக்குள் இருக்கும்.

படி 6: தண்டுவடக் கணக்கு

கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, திரிகத்தில் (இடுப்புக்கும் வாலெலும்புக்கும் நடுவிலுள்ள எலும்பு) 5, வாலெலும்பில் 1. கூட்டினால் 31. கழுத்தெலும்பு 7-தானே, நரம்பு எப்படி 8? முதல் நரம்பு முதல் எலும்புக்கு மேலே வெளிவருகிறது, ஏழாவதும் ஏழாவதற்கு மேலேதான். ஏழாவது எலும்புக்குக் கீழே வருவது எட்டாவது. அங்கிருந்து எல்லா நரம்பும் தன் எண்ணுள்ள எலும்புக்குக் கீழே வரும்.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் மாதிரி வேர்கள்தான் தொங்குகின்றன. முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கும்போது இன்னும் கீழே குத்துவது தண்டுவடத்துக்குக் காயம் படாமலிருக்கத்தான்.

படி 7: தோலில் வரைபடம்

சி என்றால் கழுத்து, டி மார்பு, எல் இடுப்பு, எஸ் திரிகம்; கூட வரும் எண் அங்கே எத்தனையாவது நரம்பு என்பது. கையின் கட்டைவிரல் சி6, நடுவிரல் சி7, சுண்டுவிரல் சி8. மார்புக்காம்பு டி4, தொப்புள் டி10. காலின் பெருவிரல் எல்5, சுண்டுவிரல் எஸ்1. தொட்டுத் தொட்டுச் சொல்லிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து வேர்கள் ஒன்றன்மேல் ஒன்று படர்வதால் கோடு போட்ட மாதிரி எல்லை இருக்காது. சி3, சி4, சி5 மூன்றையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்கும் உதரவிதானத்துக்கு நரம்பு அங்கிருந்துதான் வருகிறது. கழுத்தின் மேற்பகுதியில் படும் அடி மூச்சையே நிறுத்திவிடக்கூடியது அதனால்தான்.

வேரும் நரம்பும் ஒன்றல்ல என்பது புரிய, முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தை விரலால் லேசாகத் தட்டுங்கள். ஷாக் அடித்த மாதிரி சுண்டுவிரலுக்கும் பாதி மோதிரவிரலுக்கும் ஓடும். அது அல்நார் நரம்பு. அது அழுந்தினால் மரத்துப்போவது மணிக்கட்டு அளவில் நின்றுவிடும். கழுத்தில் சி8 வேர் அழுந்தினாலும் சுண்டுவிரல்தான் மரக்கும், ஆனால் முன்கையின் உட்பக்கமும் சேர்ந்து மரக்கும்.

படி 8: முழங்கால் தட்டு

உயரமான இருக்கையில் கால் தொங்க உட்காருங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாரை நண்பர் உள்ளங்கை ஓரத்தால் தட்டட்டும். எல்3, எல்4 வேர்கள் வழியாகச் செய்தி போய்த் திரும்ப, மூளையின் அனுமதிக்குக் காத்திராமல் கால் உதைக்கும். வரவில்லையா? இரு கை விரல்களையும் கோத்து இழுத்துக்கொண்டிருக்கும்போது தட்டச் சொல்லுங்கள்.

உட்காரும் பகுதியின் தோல், சிறுநீர், மலம் ஆகியவை எஸ்2, எஸ்3, எஸ்4 பொறுப்பு. இவற்றை வீட்டில் சோதிக்க வழியில்லை. முதுகுவலியோடு அந்தப் பகுதி மரத்துப்போய், சிறுநீரும் கழிக்க முடியாமல் போனால், குதிரைவால் வேர்கள் நசுங்குகின்றன என்று பொருள்படலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.