பெரா காது சோதனைக்குப் போகும் நாளில் தலையில் எண்ணெய் வேண்டாம்

என் மகள் பிறந்த இரண்டாம் நாள் எடுத்த ஓஏஇ என்ற காது சோதனையில் இரண்டு காதும் பாஸ். பிளேட்லெட் குறைவாக இருந்ததால் பத்தாம் நாள் சிறுநீரைச் சோதித்தார்கள். சைட்டோமெகலோ வைரஸ், அதாவது சிஎம்வி, இருந்தது. "காதுதான் பாஸ் ஆயிடுச்சே" என்றார் மாமியார். ஒன்பதாம் மாதம் எடுத்த பெராவில், இடது காதில் 50 டெசிபலுக்குக் குறைந்த சத்தத்துக்குப் பதிலே இல்லை. வீட்டில் எவர்சில்வர் தட்டைத் தட்டினால் திரும்பத்தான் செய்தாள். நல்ல காது சமாளித்துவிடுகிறது. அதனால் வீட்டுச் சோதனையை நம்பாதீர்கள்.

சிஎம்வியோடு பிறந்த குழந்தைக்குக் கேட்கும் திறன் மாதங்கள், வருடங்கள் கழித்தும் குறையலாம். எங்களுக்குக் காது சோதனையை முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மூன்று வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஆறு வயது வரை வருடத்துக்கு ஒருமுறை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பிறந்ததும் எடுக்கும் காது சோதனையில் பாஸ் ஆகாவிட்டால், "காதில் அழுக்கு இருக்கும், ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்பார்கள். சரி என்று கிளம்பிவிடாதீர்கள். எச்சிலிலோ சிறுநீரிலோ சிஎம்வி பிசிஆர் பார்க்க 21 நாள்தான் கெடு. அதற்குப் பிறகு வைரஸ் தெரிந்தாலும், பிறவியிலேயே வந்ததா, பிறந்தபின் தொற்றியதா என்று பிரிக்க முடியாது. எச்சில் எடுப்பதாக இருந்தால் பால் கொடுத்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். தாய்ப்பாலிலும் வைரஸ் இருக்கலாம். மருந்து தேவையா என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். கொடுப்பதென்றால் பெரும்பாலும் முதல் மாதத்துக்குள் தொடங்குவார்கள், எனவே நாள் கடத்த வேண்டாம்.

ஓஏஇ உள்காதை மட்டும் பார்க்கும். நரம்பு வழியாக ஒலி மூளைத்தண்டு வரை போகிறதா என்பதை பெராதான் சொல்லும். குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். முதல் தடவை நான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக் கூட்டிப்போனேன். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எலக்ட்ரோடு ஒட்டவே இல்லை, துடைக்கத் துடைக்க முழித்துக்கொண்டாள். ஒரு நாள் வீண். அடுத்த முறை ஆட்டோவில் தூங்கவிடாமல் காலில் கிச்சுகிச்சு மூட்டி விளையாட்டுக் காட்டி, அறைக்குள் போனபிறகுதான் பால் கொடுத்தேன். ஐந்தே நிமிடத்தில் தூங்கிவிட்டாள். சளி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுக்காதில் நீர் கோத்திருந்தால் முடிவு மாறும்.

தனியாரில் செலவு அதிகமென்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டிஇஐசி (குழந்தைகளின் குறைபாடுகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையம்) எங்கே என்று விசாரியுங்கள். ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று மட்டும் இருந்தால் வலது எத்தனை டெசிபல், இடது எத்தனை என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அடுத்த தேதியையும் அங்கேயே குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.