பெரியவர்களிடம் கடைசிக் காலச் சிகிச்சை பற்றிப் பேசுவது எப்படி?

ஐ.சி.யூ. வாசலில் இந்தப் பேச்சைத் தொடங்காதீர்கள். மருத்துவர் பதிலுக்குக் காத்திருப்பார், சிங்கப்பூரிலிருந்து அண்ணன் போனில் அழுவார், யாருக்கும் எதுவும் ஓடாது. குணமாகாத நோய் என்று தெரிந்தால், அவர் தெளிவாக இருக்கும்போதே வீட்டில் வைத்துக் கேட்டுவிடுங்கள்.

"மெஷின் வைக்கலாமாம்மா?" என்று கேட்டால் "உங்க இஷ்டம்" என்றுதான் பதில் வரும். பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டில் என் அம்மாவிடம் நான் வேறு மாதிரி கேட்டேன்: "எதை நினைச்சா உங்களுக்கு பயமா இருக்கு?" தைலப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அப்புறம், "மூக்குல குழாய் மட்டும் வேணாம்மா. பக்கத்துக் கட்டில் அம்மா அதைப் பிடுங்கிடுவாங்கன்னு கையைக் கட்டிப் போட்டிருந்தாங்க" என்றார். நோயைவிட அந்தக் கட்டுதான் அவரை வாட்டியிருக்கிறது. இப்படி ஒரு பதில் வந்துவிட்டால் மற்றதையும் கேட்கலாம். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிப்பது, சுவாச இயந்திரம், டயாலிசிஸ் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றை வேண்டாம் என்பவர் இன்னொன்றுக்குச் சரி என்பார்.

"பெத்தவளைச் சாகடிக்கப் பார்க்கிறியா?" என்று ஓர் அத்தையாவது கேட்பார். அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். உயிரை முடிக்க ஊசி போடுவது மலேசியாவில் குற்றம், நோயாளியே கேட்டாலும் குற்றம்தான். ஆனால் தெளிவான மனநிலையில் இருப்பவர் தனக்கு ஒரு சிகிச்சை வேண்டாம் என்று மறுக்கலாம். வேதனையை மட்டும் நீட்டிக்கும் சிகிச்சையை நிறுத்துவதும் கொலையல்ல, நோய் தன் வழியில் போக விடுவது. இந்த வேறுபாட்டை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்ற இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றி வரும். அது நம் நாட்டுக்குப் பொருந்தாது. இங்கே இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. இருந்தாலும் எழுதி, தேதி போட்டு, கையொப்பம் வாங்கி வையுங்கள். நோயாளி தெளிவாக எழுதிவைத்த மறுப்பை மதிக்கும்படி மலேசிய மருத்துவ மன்றத்தின் வழிகாட்டி மருத்துவர்களுக்குச் சொல்கிறது. ஒரு பிரதியை மருத்துவமனைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் அன்றே அனுப்பிவிடுங்கள், கடைசி நேரத்தில் விமானம் ஏறி வருபவர்தான் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார்.

மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்ற பயம் நம்மவர்களிடம் அதிகம். சரியான அளவில் கொடுத்தால் அது வலியையும் மூச்சுத் திணறலையும் தணிக்கும், உயிரைப் பறிக்காது. கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்கள், குணமாகாத நோயாளிகளின் வேதனையைத் தணிக்கும் ஹோஸ்பிஸ் மலேசியா அமைப்பைக் கேட்கலாம். 1991 முதல் வீட்டுக்கே வந்து இலவசமாகப் பார்க்கிறார்கள். பினாங்கிலும் வீட்டுக்கு வரும் ஹோஸ்பிஸ் குழுக்கள் உண்டு.

நடுராத்திரியில் மூச்சு மாறினால் யாரை அழைப்பது என்று முன்பே ஹோஸ்பிஸ் குழுவின் மிஸியிடம் (தாதியிடம்) கேட்டு, எண்ணைக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள். பதற்றத்தில் 999 அழைத்தால், வருபவர்கள் உயிர்ப்பிக்கத்தான் முயல்வார்கள். வீட்டிலேயே இறந்தால் போலீஸ் நிலையத்தில் தெரிவித்து அடக்க அனுமதி வாங்க வேண்டும். அடையாள அட்டையையும் நோய் விவரக் கடிதத்தையும் ஒரே உறையில் போட்டு, வீட்டில் இன்னொருவருக்கும் இடத்தைக் காட்டி வையுங்கள்.