ரயில் ஜன்னல் படத்தை வைத்து இடம் சொல்வதில் செய்யக்கூடாத தவறுகள்

ரயிலில் போகிற உறவினர் ஒருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஜன்னலோரப் படம் ஒன்றைப் போட்டு, "எங்கே இருக்கிறேன், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கேட்டுவிட்டால் போதும். தேநீர் ஆறுவதற்குள் அரை டஜன் ஊர்ப்பெயர்கள் வந்து விழும். காற்றாலையைப் பார்த்ததும் பெரியப்பா முப்பந்தல் என்பார். தண்ணீரைப் பார்த்ததும் அத்தை பாம்பன் என்பார். மூன்றாவது ஆள் ஏன் என்று சொல்லாமலே அரியலூர் என்பார். இந்த விளையாட்டில் அடிக்கடி ஜெயிப்பவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும்: படத்தில் இருப்பவற்றில் எது ரயிலோடு ஓடி வந்தது, எது அந்த மண்ணிலேயே நிற்கிறது என்று முதலில் பிரித்துக்கொள்கிறார்கள். தோற்பவர்கள் பெரும்பாலும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்.

ரயிலோடு வந்ததை ஊரென்று எண்ணுவது

வளைவில் திரும்பும்போது எடுத்த படத்தில் இன்ஜினின் பக்கவாட்டில் "ஈரோடு" என்று எழுதியிருக்கும். உடனே ஈரோடு என்று பதில் வரும். அது அந்த இன்ஜினைப் பராமரிக்கும் பணிமனையின் பெயர். அரக்கோணம், ராயபுரம் என்று எழுதிய இன்ஜின்களும் இப்படித்தான். ஒரு காலத்தில் வழியில் இன்ஜின் மாற்றுவது வழக்கமாக இருந்தது. மின்மயம் பரவிய பிறகு ஒரே இன்ஜின் பல மாநிலங்களைத் தாண்டி ஓடுகிறது. அதனால் அந்த எழுத்தை நம்பி ஊர் சொல்வது முன்பைவிட இப்போது ஆபத்து.

பெட்டியில் எழுதியிருக்கும் மண்டல ரயில்வேயின் சுருக்கெழுத்தும் பெட்டி யாருக்குச் சொந்தம் என்பதை மட்டும்தான் சொல்லும். பெட்டி எண்ணிலோ கொஞ்சம் விஷயம் இருக்கிறது. அதன் முதல் இரண்டு இலக்கங்கள் பெட்டி கட்டப்பட்ட ஆண்டு. எண் 17 என்று தொடங்கினால் அந்தப் படம் 2017-க்கு முன்னால் எடுத்ததாக இருக்க முடியாது. பழைய படத்தைப் புதிது என்று போடுபவர்களையும் புதியதைப் பழையது என்று போடுபவர்களையும் பிடிக்க இது உதவும். இடத்தைப் பிடிக்க உதவாது.

பெட்டியில் தொங்கும் ஊர்ப்பெயர்ப் பலகை இன்னும் மோசமாக ஏமாற்றும். கன்னியாகுமரி – திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ் 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. மூன்று நாளுக்குமேல் ஆகும். அதன் பலகையில் "கன்னியாகுமரி" என்று தெரிகிற படம் அசாமின் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவிலும் எடுத்ததாக இருக்கலாம்.

தின்பண்டத்தையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் மணப்பாறை முறுக்கும் எழும்பூர் வரை வரும். கையில் இருக்கிற பொட்டலம் வந்த வழியைச் சொல்லலாம், அதுவும் ரயிலில் வாங்கியிருந்தால் மட்டும்.

ஒரே ஓர் இடம்தான் என்று எண்ணுவது

மண்ணில் நிற்கிற பொருளாக இருந்தாலும் அது எத்தனை மண்ணில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். காற்றாலை என்றால் முப்பந்தல் என்று நினைப்பவர்களுக்குக் கயத்தாறு பக்கமும் உடுமலை, பொள்ளாச்சி பக்கமும், கர்நாடகத்தின் சித்ரதுர்காவும் நினைவுக்கு வருவதில்லை. காற்றாலையைக் காட்டிலும் அதன் பின்னணி முக்கியம். கயத்தாறு என்றால் தட்டையான வெளி, மலை மேற்கே தூரத்தில் ஒரு கோடாகத் தெரியும். ஆரல்வாய்மொழியை நெருங்க நெருங்க மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி தண்டவாளத்துக்கு அருகிலேயே வந்துவிடும்.

ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் விரிந்தால் பாம்பன் என்பது அடுத்த பழக்கம். செங்கல்பட்டில் கொளவாய் ஏரியின் ஓரமாகவே ரயில் போகிறது. சென்னையை நோக்கி வரும் பாதி ரயில்களிலிருந்து யாராவது ஒருவர் அதைப் படமெடுத்திருப்பார். ஒடிசாவில் சிலிகா ஏரியைத் தொட்டுக்கொண்டு ஹவுரா – சென்னைப் பாதை செல்கிறது. கேரளக் காயல்களைச் சொல்லவே வேண்டாம். பாம்பனுக்குத் தேதியை வைத்தே ஒரு சோதனை உண்டு. 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் போக்குவரத்து நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்றுதான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ராமேஸ்வரம் பயணிகளின் ரயில் மண்டபத்தைத் தாண்டவில்லை. "2024 தீபாவளிக்குப் பாம்பன் பாலத்தில் ரயிலிலிருந்து எடுத்தேன்" என்று யாராவது படம் காட்டினால் தேதி பொய் அல்லது பாலம் பொய்.

தேயிலைத் தோட்டமும் நீல ரயிலும் சேர்ந்து வந்தால் ஊட்டி என்பார்கள். இலங்கையின் பதுளைப் பாதையிலும் நீல ரயில் ஓடுகிறது, தேயிலையும் இருக்கிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தின் படம் நீலகிரி என்ற பெயரில் சுற்றுவது சகஜம். பிரித்தறிய எளிய வழி தண்டவாளத்தின் அகலம்: நீலகிரி மலை ரயில் 1,000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ், இலங்கையில் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை. படத்தில் ரயில் பொம்மை போலக் குறுகலாகத் தெரிந்தால் நீலகிரியை யோசிக்கலாம். இங்கே அரைகுறை விவரம் தெரிந்தவர்கள் ஒரு தவறு செய்வார்கள். நடுவில் பல் வைத்த தண்டவாளம் இல்லை, ஆகவே ஊட்டி ரயில் இல்லை என்று அடித்துச் சொல்வார்கள். அந்தப் பல் தண்டவாளம் கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான். குன்னூருக்கு மேலே, வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று தேயிலை அழகாகத் தெரியும் பகுதியில் அது கிடையாது.

மழைக்காலத்தில் அருவி தெரிந்தால் எல்லாமே தூத்சாகர் ஆகிவிடுகிறது. கொங்கண் பாதையிலும் கர்ஜத் – லோனாவாலா மலைப்பாதையிலும் ஜூலையில் பாறைக்குப் பாறை தண்ணீர் வழியும்.

பலகையை முழுதாகப் படிக்காமல் விடுவது

நிலையத்தின் மஞ்சள் பலகை படத்தில் இருந்தால் புதிரே இல்லை என்று தோன்றும். பாதி வெட்டுப்பட்ட பலகைதான் வம்பு. "…கோட்டை" என்று மட்டும் தெரிந்தால் புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, செங்கோட்டை என்று மூன்று திசைக்கு ஓட வேண்டியிருக்கும். அப்போது பலகையின் அடியில் பார்க்க வேண்டும்: கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். கடலோர நிலையத்தில் அது சில மீட்டர்தான். பெங்களூரில் 900-ஐ ஒட்டி வரும். பெயர் போனாலும் அந்த எண் தப்பியிருந்தால் பல ஊர்களைக் கழித்துவிடலாம்.

"ரோடு" என்று முடியும் நிலையங்களிடம் எச்சரிக்கை வேண்டும். கொடைக்கானல் ரோடு பலகையைப் பார்த்துவிட்டு "அங்கே குளிராக இருக்குமே" என்று விசாரிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அங்கிருந்து கொடைக்கானலுக்குச் சாலையில் 80 கிலோமீட்டர் அளவில் மலையேற வேண்டும். நிலையம் இருப்பது அம்மையநாயக்கனூர் வெயிலில்.

பலகையே இல்லாமல் கடைப் பெயர்கள் மட்டும் தெரிந்தால், எழுத்தைத் தெரிந்தவர் போலப் பாவனை செய்யாதீர்கள். தெலுங்கையும் கன்னடத்தையும் மாற்றிச் சொல்வது தமிழர்களிடம் அதிகம். எழுத்தின் தலையைப் பாருங்கள். ஆசிரியர் விடைத்தாளில் "சரி" என்று போடும் குறியைப் போன்ற கீற்று தலையில் நின்றால் தெலுங்கு. அதே இடத்தில் கிடைக்கோடு படுத்து, அதன் வலது முனை வளைந்திருந்தால் கன்னடம். எல்லையோரத்தில் இதுவும் கைகொடுக்காது; இரண்டு மூன்று மொழிகளில் பெயர் எழுதிய கடைகள் அங்கே நிறைய. நவாபூர் நிலையத்தில் நடைமேடையின் ஒரு பகுதி மகாராஷ்டிரத்திலும் மற்றொரு பகுதி குஜராத்திலும் இருக்கிறது. அங்கே மாநிலத்தைச் சரியாகச் சொன்னவர்கூட நடைமேடையின் எந்த முனை என்று சொல்லியாக வேண்டும்.

எந்தப் பக்கத்து ஜன்னல் என்று கேட்காமல் விடுவது

பெரும்பாலானோர் தொடவே தொடாத தடயம் இது; எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். இந்தியாவில் இரட்டைப் பாதையில் ரயில் இடது பக்கத் தண்டவாளத்தில் ஓடுகிறது. எனவே ஜன்னலுக்கும் காட்சிக்கும் நடுவே இன்னொரு தண்டவாளம் தெரிந்தால், படம் எடுத்தவர் போகிற திசைக்கு வலப்பக்கத்தில் இருக்கிறார். தண்டவாளமே தெரியாமல் நேராக வயல் வந்தால் இடப்பக்கம்.

இதை வைத்து ஒரு படத்தைப் பிரித்துப் பார்க்கலாம். அடுத்த தண்டவாளம் முன்னால் ஓடுகிறது, அதற்கப்பால் காற்றாலைகள், அதன் பின்னே உயர்ந்த மலை. அனுப்பியவர் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே எங்கோ இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். வள்ளியூர், வடக்கு பணகுடி, காவல்கிணறு பகுதியில் மகேந்திரகிரி மேற்கே நிற்கிறது. மேற்கைப் பார்க்கிற ஜன்னல் வலப்பக்க ஜன்னலாக இருக்கிறது என்றால் ரயில் தெற்கே போகிறது, அதாவது நாகர்கோவிலை நோக்கி. அதே மலை, நடுவில் தண்டவாளம் இல்லாமல் தெரிந்தால் அவர் வடக்கே, திருநெல்வேலியை நோக்கிப் போகிறார். மலை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதை வைத்து இன்னும் சுருக்கலாம். ஒற்றைப் பாதையிலும், பெருநகரங்களை ஒட்டி மூன்று நான்கு பாதைகள் ஓடும் இடங்களிலும் இந்த விதி செல்லாது. நிலையத்துக்குள் ரயில் எந்தத் தண்டவாளத்துக்கும் மாறலாம் என்பதால் அங்கும் இதை நம்ப வேண்டாம்.

முன்பக்க கேமராவில் எடுத்த படம் என்றால் இந்தக் கணக்கைத் தொடங்குமுன் எழுத்துகள் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். சில செல்பேசிகள் கண்ணாடிபோல இடவலம் மாற்றிச் சேமிக்கும்.

நிழலைத் தப்பாகப் படிப்பது

நண்பகலில் சூரியன் தெற்கே இருக்கும், நிழல் வடக்கே விழும் என்று எங்கோ படித்ததை அப்படியே இங்கே பொருத்துகிறார்கள். டெல்லிப் படத்துக்கு அது சரி. கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு வடக்கே நகர்ந்துவிடுகிறது. ஆகஸ்ட் பாதி தாண்டித்தான் சென்னைக்குத் திரும்பி வருகிறது. ஆகவே மே, ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டில் நண்பகல் நிழல் தெற்கே விழும். கோடை விடுமுறையில்தான் எல்லோரும் ரயிலேறிப் படம் போடுகிறார்கள் என்பதால், இந்த ஒரு பிழையில் திசை முழுதாகத் தலைகீழாகிறது. பதினொரு மணி முதல் ஒரு மணி வரை எடுத்த படத்தில் நிழலை விட்டுவிடுவதே நல்லது. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் நிழல் ஒழுங்காகப் பேசும்.

கடிகாரமும் ஒரு தடயம். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. டிசம்பரில் கன்னியாகுமரியில் ஆறு மணிக்கு மேல் சூரியன் மறையும்போது, திப்ரூகரில் நாலரைக்கு முன்பே மறைந்துவிடும். விவேக் எக்ஸ்பிரஸில் போகிறவர் மாலை ஐந்து மணிக்கு இருட்டுப் படம் அனுப்பினால் அவர் கிழக்கே வெகுதூரம் போய்விட்டார். ஆனால் ஏசி பெட்டியிலிருந்து வந்த படத்தில் இருட்டை நம்பக் கூடாது. அந்தக் கண்ணாடியின் சாயம் மூன்று மணி வெயிலையும் அந்தி போலக் காட்டும்.

அனுப்பிய நேரத்தை எடுத்த நேரமென்று கொள்வது

சிக்னல் இல்லாத காட்டில் எடுத்த படம் அடுத்த ஊர் வந்ததும் போய்ச் சேரும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படத்தோடு இருக்கும் இட விவரமும் எடுத்த நேரமும் கழன்றுவிடும். ஆவணமாக அனுப்பினால்தான் தங்கும். எனவே நேரத்தை அனுப்பியவரிடம் கேட்டு வாங்குங்கள்.

நேரம் கிடைத்ததும் கால அட்டவணையை எடுத்து இரண்டு நிலையங்களுக்கு நடுவே பங்கு போட்டுக் கணக்கிடுவார்கள். நடுவழியில் இது ஓரளவு ஒத்துவரும். பயணம் முடியும் இடத்துக்கு முந்தைய பகுதியில் தவறிவிடும். தாமதத்தை ஈடுகட்ட அட்டவணையில் அங்கேதான் கூடுதல் நிமிடங்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள். தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு இத்தனை நேரமா என்று அட்டவணையைப் பார்த்து வியந்தவர்களுக்கு இது புரியும்.

ரயில் நின்றிருக்கும்போது எடுத்த படமானால் மின்கம்பத்தைத் தேடுங்கள். மேலே ஓர் எண், கீழே ஓர் எண் எழுதியிருக்கும். மேலே உள்ளது கிலோமீட்டர், கீழே உள்ளது அந்தக் கிலோமீட்டருக்குள் கம்பத்தின் வரிசை. கம்பங்களுக்கு இடையே அதிகபட்சம் 72 மீட்டர் என்பதால் இதைவிடத் துல்லியமான அடையாளம் ரயில் பாதையில் கிடைப்பது அரிது. அதை ரயில் புறப்பட்ட ஊரிலிருந்து எண்ணுவதுதான் தவறு. அந்தக் கணக்கு அந்தப் பாதைக்கென்று ரயில்வே வைத்த தொடக்கப் புள்ளியிலிருந்து வருவது. ரயில் எங்கே புறப்பட்டது என்பது கம்பத்துக்குத் தெரியாது. ஒரே கிலோமீட்டர் எண் வேறு வேறு பாதைகளிலும் இருக்கும். பாதை எது என்று உறுதியான பிறகு மட்டும் அந்த எண்ணைக் கையிலெடுங்கள்.

படத்தின் ஓரத்தில் டிக்கெட் தெரிந்தால் அதிலுள்ள பத்து இலக்க பிஎன்ஆர் எண்ணைக் கொண்டு ரயிலையும் பெட்டியையும் படுக்கையையும் யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம். விளையாட்டுக்கு அது தேவையில்லை. அனுப்பியவரிடம் சொல்லி அந்தப் படத்தை நீக்கச் செய்யுங்கள். தனியாகப் போகிறவர் என்றால், சரியான விடையையும் அவர் இறங்கிய பிறகு குழுவில் போடுங்கள்.