முப்பது தாளிலும் ஒரே ஆந்தை

நாளைக்கு ஓவிய வகுப்பு. இரவில் படங்களைத் தேடிச் சேமிக்கும் பின்டரெஸ்ட் தளத்தைத் திறந்தால் அழகான ஓர் ஆந்தை கண்ணில் படுகிறது. மறுநாள் முப்பது பிள்ளைகளும் அதையே வரைகிறார்கள், ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாமல். நானும் பல வருடம் இப்படித்தான் பாடம் எடுத்தேன்.

முடிந்த படத்தைப் பார்த்துப் பாடம் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய தவறு. வரைந்தவர் எங்கே தயங்கினார், எதைத் தானே முடிவு செய்தார் என்பது அந்தப் படத்தில் தெரியாது. நமக்கு வேண்டியதோ அதுதான். அதனால் சேமிக்கும் முன் பாருங்கள்: இதில் பிள்ளை தானாகத் தீர்மானிக்க என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

பிரெஞ்சு ஓவியர் ஆன்ரி மத்தீஸை எடுத்துக்கொள்வோம். 1941இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு நிற்பதே அவருக்குச் சிரமமாயிற்று. வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டிப் படம் செய்தார். பென்சிலால் கோடு போடாமல் நேராக வண்ணத்துக்குள் வெட்டினார். இன்று அவர் பெயரில் தேடினால், அச்சிட்டுக் கோட்டின் மேல் வெட்டச் சொல்லும் இலை டெம்ப்ளேட்டுகள் வந்து குவிகின்றன. அவர் செய்ததற்கு இது நேர் எதிர். வண்ணத் தாளும் கத்தரிக்கோலும் கொடுங்கள், பென்சிலை எடுத்து வைத்துவிடுங்கள். “எப்படி வெட்டுறது?” என்று முதலில் கேட்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளையும் குப்பையில் போட விடாதீர்கள். அவற்றிலும் வடிவம் இருக்கிறது.

ஓவியத்தின் உண்மையான அளவைத் திரை மறைத்துவிடும். பிகாசோவின் குவெர்னிகா ஓவியம் (1937) சுமார் மூன்றரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் நீளம். ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலை அச்சோவியமோ ஏறத்தாழ 25 செ.மீ. உயரம், 37 செ.மீ. அகலம்தான். போனில் இரண்டும் ஒரே உள்ளங்கை அளவு. தரையில் சுண்ணக்கட்டியால் இரண்டின் அளவையும் வரைந்து, பிள்ளைகளை அதற்குள் நிற்கச் சொல்லுங்கள். அதன் பிறகு படத்தைக் காட்டினால் அவர்கள் கேட்கும் கேள்விகளே வேறு.

வீடியோவை நம்பி நேரம் குறிப்பது இன்னொரு தவறு. இரண்டு நிமிட வீடியோவில் வண்ணம் காயும் நேரம் வெட்டப்பட்டிருக்கும். வகுப்பில் இருக்கும் அதே மெல்லிய தாளிலும் அதே தூரிகையிலும் ஒரு முறை நீங்களே செய்து பாருங்கள்.

மாதிரிப் படத்தை வகுப்பு முழுக்கப் பலகையில் விட்டுவைக்காதீர்கள். பிள்ளைகள் அதைத்தான் நகலெடுப்பார்கள். மூன்று வெவ்வேறு மாதிரிகளைக் காட்டிவிட்டு எடுத்துவிடுவது நல்லது.

சரி, எங்கே தேடுவது? நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் காப்புரிமைக் காலம் முடிந்த தன் படைப்புகளின் படங்களை 2017 முதல் யாரும் தடையின்றிப் பயன்படுத்தக் கொடுத்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியமும் அப்படியே. மெட்ரோபாலிட்டனில் வான்கோ 1889இல் வரைந்த, சைப்ரஸ் மரங்கள் நிற்கும் கோதுமை வயல் இருக்கிறது. அதன் வானத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டி, தூரிகை எந்தப் பக்கம் ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். விரலால் காற்றில் வரைந்து காட்டுவார்கள். அப்போது கிரேயானைக் கையில் கொடுங்கள்.