அக்கா, தம்பி, கூட ஒருத்தி: சென்னையில் ஒரே வீடு

நெல்லைப் பக்கமிருந்து வேலைக்கு வந்த அக்காவும் தம்பியும் சென்னையில் வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி, “ஃபேமிலியா, பேச்சுலரா?” அக்கா தம்பி என்று சொன்னாலும் பல ஓனர்கள் நம்புவதில்லை. இருவர் பெயரும் உள்ள ரேஷன் கார்டு நகலைக் கையோடு கொண்டுபோங்கள். அம்மாவோ அப்பாவோ ஓனரிடம் ஒரு தடவை போனில் பேசட்டும். அக்ரிமென்ட் பெரும்பாலும் 11 மாதத்துக்குப் போடுவார்கள். அதில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். 10 மாத அட்வான்ஸ் பழைய வழக்கம். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய, 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பேரத்துக்கு இது உதவும்.

அடுத்து, அக்காவின் ஆபீஸ் தோழி “ஹாஸ்டல் கிடைக்கிற வரைக்கும் பத்து நாள்” என்று பையோடு வருவாள். பத்து நாள் இரண்டு மாதமாகும். முப்பதாம் நாளுக்குள் அவளைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். விருந்தாளியாகவே வைத்திருந்தால் அவள் ஃப்ரிட்ஜைத் திறக்கவே கூசுவாள், தம்பி உள்ளுக்குள் முணுமுணுப்பான். ஓனரிடமும் ஊரில் இரு வீட்டாரிடமும் நீங்களே முதலில் சொல்லுங்கள். வேறு யாராவது சொல்லித் தெரிந்தால் வருஷம் முழுக்க விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

வாடகையை இடத்தைப் பார்த்துப் பிரியுங்கள், சாப்பாட்டைத் தலைக்கணக்கில். 18,000 வாடகை என்றால் அறையில் படுக்கும் இருவரும் ஆளுக்கு 6,500, ஹாலில் பாய் போடும் தம்பி 5,000. சண்டை வருவது பெரும்பாலும் கரன்ட் பில்லில்தான். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகள் சிலவற்றுக்கும் ரேட் ஏறிவிடும். ஒரு டன் ஏசி ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் சுமார் 5 யூனிட்; 60 நாளில் அதுவே 300. ரீடிங் எடுத்த முப்பதாம் நாள் மீட்டரைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். ஏசி அறைக்காரர்கள் கூடுதலைக் கட்டட்டும்.

அரிசி ஆளுக்கு ஒரு வேளைக்கு 150 கிராம். மூன்று பேர், இரண்டு வேளை என்றால் ஒரு 25 கிலோ சிப்பம் நாலு வாரம் வரும். (கடையில் 26 கிலோ மூட்டை தருவார்கள். 25 கிலோ வரைதான் ஜிஎஸ்டி, அதனால் அந்த ஒரு கிலோ.) ஞாயிறு சாயங்காலம் மாவு: நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். சென்னை வெயிலில் காலைக்குள் பொங்கி மேடையெல்லாம் வழியும். அரைத்தவர் கிரைண்டர் கழுவக் கூடாது, சமைத்தவர் பாத்திரம் தேய்க்கக் கூடாது. இந்த ஒரு விதி இல்லாத வீட்டில் அக்கா ஆறே மாதத்தில் அம்மாவாகிவிடுவாள். அதை அவளும் விரும்பமாட்டாள், தம்பியும் தாங்கமாட்டான்.

மூவரின் ரத்த வகை, இன்ஷூரன்ஸ் எண், மாத்திரை அலர்ஜி, ஊர் நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். காய்ச்சலில் மயங்கிக் கிடப்பவரின் போன் லாக்கில் இருக்கும். தோழியை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் “நீங்க யாரு?” என்று கேட்பார்கள். கூட இருக்கிறவர் என்று சொல்லி, உடனே அவள் அம்மாவுக்கு போன் போட்டு டாக்டரிடம் கொடுங்கள்.