உணர்வில்லாத காலில் ஊசி: தண்டுவடக் காயத்தோடு அக்குபஞ்சருக்குப் போகிறவர்களுக்கு

மதியம் குத்திய ஊசி ராத்திரி பத்து மணி வரை என் கெண்டைக்காலிலேயே இருந்தது. படுக்கும் முன் கைக்கண்ணாடி வைத்துத் தோலைப் பார்ப்பது என் பழக்கம், எங்காவது சிவந்து படுக்கைப்புண்ணுக்கு அடி போடுகிறதா என்று. பேன்ட்டைக் கழற்றியபோது வளைந்துபோன ஒரு கம்பி மினுங்கியது. வேறு யாராக இருந்தாலும் பேன்ட்டை மாட்டும்போதே அலறியிருப்பார்கள். எனக்குத் தண்டுவடக் காயம் டி4 மட்டத்தில், அதாவது மார்புப் பகுதி முதுகெலும்புகளில் நாலாவதன் மட்டத்தில். மார்புக்குக் கீழே யார் என்ன செய்தாலும் தெரியாது. பதினொரு வருஷமாக அப்படித்தான்.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: எத்தனை ஊசி போகிறது என்று சத்தமாக எண்ண வேண்டும், அந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுத வேண்டும், எடுக்கும்போது மறுபடி எண்ண வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். முகம் சுளிக்கிற ஆளிடம் போகாதீர்கள்.

சரி, முதலில் இருந்து வருகிறேன். கிளம்புவதற்கு முன் எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். "நடக்க வேண்டும்" என்று எழுதினால் கொஞ்சம் பொறுங்கள். அறுந்த தண்டுவடத்தை ஊசி ஒட்டவைக்கும் என்பதற்கு நம்பும்படியான சான்று இன்றுவரை இல்லை. எலிகளில் மின் அக்குபஞ்சர் (ஊசியில் லேசான கரன்ட் கொடுப்பது) காயத்தைச் சுற்றியுள்ள அழற்சியைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. மனிதர்களில் 2003-ல் வெளிவந்த ஒரு தைவான் ஆய்வு அடிக்கடி காட்டப்படும். அடிபட்ட புதிதிலேயே 100 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்குக் கையிலும் காலிலும் உள்ள புள்ளிகளில் மின்சாரமும் காதில் அக்குபஞ்சரும் கொடுத்தார்கள். அவர்களுக்கு உணர்வும் அசைவும் மற்றவர்களைவிட அதிகம் திரும்பியது. (கை கால் புள்ளிகளில் ஊசிகூட இல்லை, தோலில் ஒட்டும் பட்டைதான்.) கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னால் வந்த தொகுப்பாய்வுகள், இந்தத் துறையின் சோதனைகள் பெரும்பாலும் சிறியவை, தரம் போதாதவை என்றே சொல்கின்றன. இன்னொன்று: அடிபட்ட முதல் சில மாதங்களில் பலருக்கு எந்த வைத்தியமும் இல்லாமலே கொஞ்சம் திரும்பும். அந்த நேரத்தில் யார் எதைக் கொடுத்தாலும் பெயர் அவருக்குப் போய்விடும்.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல்முறை முட்டிக்குக் கீழே ஊசியில் கரன்ட் கொடுத்தபோது என் பாதம் டிக் டிக்கென்று துள்ளியது. அம்மா அழுதுவிட்டார். நானும் ஒரு நிமிஷம் ஏமாந்தேன். காயம் மார்பு மட்டத்தில். அதற்குக் கீழே காலுக்குப் போகும் நரம்பும் தசையும் உயிரோடுதான் இருக்கின்றன, மூளையோடு தொடர்பு மட்டும் அறுந்திருக்கிறது. கரன்ட் தொட்டால் தசை துள்ளும். மெஷினை அணைத்தபின் நீங்கள் நினைத்து அசைத்தால்தான் அது கணக்கு.

வலி, இறுக்கம், தூக்கம் மாதிரி சின்ன இலக்குகளோடு போகலாம். என் வரி: "சக்கர நாற்காலி தள்ளித் தள்ளி வந்த தோள்வலி; இடுப்பைச் சுற்றி எரிகிற வலி." (தொட்டால் தெரியாத இடத்திலும் இப்படி நரம்பு வலி வரும்.) தோள்வலி பற்றி 2007-ல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. நாற்காலியைக் கையால் தள்ளும் 17 பேருக்குப் பத்துப் பத்து தடவை. நிஜ அக்குபஞ்சர் செய்தவர்களுக்கு வலி 66 சதவீதம் குறைந்தது, புள்ளி மாற்றிப் போலியாகக் குத்தியவர்களுக்கு 43 சதவீதம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புள்ளியியல்படி நிற்கவில்லை. ஊசி எங்கே போனால் என்ன, தோள் வலி குறைந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நகையை அடகு வைத்துச் செய்கிற வைத்தியம் இல்லை இது.

போகும் முன் உங்கள் மறுவாழ்வு மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறீர்களா, பேஸ்மேக்கர் இருக்கிறதா, வயிற்றில் பாக்லோஃபென் (தசை இறுக்கத்துக்கான மருந்து) பம்ப் இருக்கிறதா, முதுகில் கம்பி வைத்திருக்கிறதா என்பதெல்லாம் ஊசி போடுகிறவருக்கும் தெரிய வேண்டும். பேஸ்மேக்கர் இருந்தால் கரன்ட் வேண்டாம். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கிற வாரம் போகாதீர்கள். "இனி மாத்திரையெல்லாம் தேவையில்லை, நிறுத்திவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் எழுந்து, அதாவது நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, வந்துவிடுங்கள். பாக்லோஃபெனைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

உங்கள் காயம் டி6 அல்லது அதற்கு மேலே என்றால் இதை நிதானமாகப் படியுங்கள். உணர்வில்லாத இடத்தில், மற்றவர்களுக்கு வலிக்கக்கூடிய எதுவும், ஊசியோ கரன்ட்டோ நிரம்பிய சிறுநீர்ப்பையோ, ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடலாம். ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்பார்கள், எங்களுக்குள் ஏ.டி. எனக்கு நாலாவது தடவையில் வந்தது. பின்மண்டையில் சம்மட்டி அடி, முகமெல்லாம் சிவந்து வியர்வை, கையில் மயிர்க்கூச்சு. ஊசி போட்டவர் "சக்தி ஓட ஆரம்பிச்சிருச்சு, பொறுத்துக்குங்க" என்றார். என் வழக்கமான அழுத்தம் 95/60. பையிலிருந்த கருவியை மாட்டிப் பார்த்தால் மேல் அளவு 162. சக்தியும் இல்லை ஒன்றும் இல்லை: கட்டிலில் புரண்டபோது யூரின் குழாய் தொடைக்கடியில் மடிந்து அடைத்திருந்தது.

மேல் அளவு வழக்கத்தைவிட 20 முதல் 40 வரை ஏறினாலே ஏ.டி. என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கரன்ட்டை நிறுத்து, ஊசிகளை எடு, நிமிர்ந்து உட்கார வை, காலைத் தொங்கப்போடு, பெல்ட்டையும் காலில் கட்டிய சிறுநீர்ப் பையின் வாரையும் தளர்த்து, குழாயைப் பார். சில நிமிஷத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இறங்காவிட்டால் அவசர சிகிச்சைதான். இதையும் என் வழக்கமான அளவையும் ஒரு அட்டையில் எழுதி, சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். குத்தும் முன் அதைப் படிக்கக் கொடுத்துவிடுவேன். ஊசி இருக்கும் நேரமெல்லாம் அறையில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

அன்றைக்குச் செய்ய வேண்டிய மற்றவை எளிது. போகும் முன் சிறுநீர்ப்பையைக் காலி செய்யுங்கள். உங்கள் மெத்தையை எடுத்துப்போய் அவர்களுடைய பலகைக் கட்டிலில் போட்டுக்கொள்ளுங்கள். இறுக்கம் வரும் கால் என்றால் ஊசியோடு திடீரென்று மடங்கும், ஊசி வளையும். முட்டிக்குக் கீழே தலையணை வைத்துத் தளர்வாகப் படுங்கள். ஊசி உறை உங்கள் கண்முன்னே பிரிக்கப்பட வேண்டும், ஒருமுறை போட்ட ஊசியை மறுபடி போடக் கூடாது. மூலிகையை எரித்துச் சூடு காட்டுவது, சூட்டு விளக்கு இரண்டையும் உணர்வில்லாத தோலில் அனுமதிக்கவே வேண்டாம். சுட்டால் உங்களுக்குத் தெரியாது, புண் ஆற மாதக்கணக்கில் ஆகலாம்.

மேல்முதுகிலும் தோளிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் ஓட்டையாகலாம். அரிது, ஆனால் நடந்திருக்கிறது. நமக்கு மார்பு வலி தெரியாமலே போகலாம், மூச்சு வாங்குவது ஒன்றுதான் துப்பு. வீட்டுக்கு வந்து சில மணி நேரம் கழித்து மூச்சு வாங்கினாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பலன் தெரிகிறதா என்று நினைவை நம்பிச் சொல்லாதீர்கள். தொடங்கும் முன்பே இரண்டு வாரம், காலையும் ராத்திரியும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று நோட்டில் குறியுங்கள். கால் எத்தனை தடவை இழுத்தது என்பதும் இருக்கட்டும். அப்புறம் பத்து தடவை போய், அதே மாதிரி குறியுங்கள். அந்த நாட்களில் புது மாத்திரையோ புது மெத்தையோ மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

என் நோட்டில் தோள்வலி ஆறிலிருந்து மூன்றுக்கு வந்தது. இடுப்பு எரிச்சல் ஏழு, பத்து தடவைக்குப் பிறகும் ஏழு. கால் இறுக்கம் குத்திய ராத்திரி மட்டும் அடங்கி, மறுநாள் பழையபடி. அதனால் கால் ஊசியை நிறுத்திவிட்டேன். தோளுக்கு மட்டும் மாதம் ஒருமுறை போகிறேன். எட்டு ஊசி. தோளில் எனக்கு உணர்வு உண்டு, ஒன்று மிச்சம் இருந்தால் தெரிந்துவிடும்தான். இருந்தாலும் எடுக்கும்போது இருவரும் எட்டு வரை எண்ணுகிறோம்.