வேட்டைக்காரன் திரியும் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர்களுக்கு

நம்மூரில் மான் வேட்டைக்குச் சீசன் என்று சட்டப்படி எதுவும் கிடையாது. 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் செய்த திருத்தத்தோடு அந்தக் கதை முடிந்துவிட்டது. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் தடிக்காரன்கோணத்துக்கு மேலே கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் ரப்பர் வெட்டுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சீசன் எப்போது என்று சரியாகச் சொல்வார்கள். சக்கை (பலா) பழுத்து விழும் காலம், மரச்சீனி (மரவள்ளி) கிழங்கு வைக்கும் காலம், அமாவாசையை ஒட்டிய நாட்கள், பண்டிகைக்கு முந்தின வாரம். மழை தூறிக்கொண்டிருக்கும் ராத்திரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சருகு நனைந்திருந்தால் காலடிச் சத்தம் கேட்காது, அவர்களுக்கு அது வசதி.

நானும் வீட்டுக்காரரும் தனியார் தோட்டத்தில் பால் வெட்டுகிறோம். வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால், ஊர் தூங்கும்போதே தலையில் ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். மிளா என்கிற பெரிய மானும் பன்றியும் மேய்ச்சல் முடித்து மேலே ஏறுகிற நேரமும் அதுதான். அதற்காகத் துப்பாக்கியோடு ஒருவன் பதுங்கியிருக்கிற நேரமும் அதேதான். அவன் நம்மைத் தேடி வரவில்லை. ஆனாலும் இரண்டு விஷயத்தில் நமக்கு அவனால் ஆபத்து உண்டு. ஒன்று, நம்மை மிருகம் என்று நினைத்துவிடுவது. இன்னொன்று, நம்மைச் சாட்சி என்று நினைத்துவிடுவது. இது ஆள்தான் என்று அவனுக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். அவன் யார் என்று பார்க்க வந்த ஆள் என்று மட்டும் தோன்றிவிடக் கூடாது. நான் செய்வது எல்லாமே இந்தக் கணக்கில்தான்.

முதலில் வெளிச்சம். தலையில் லைட் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. எங்கள் ஊரில் ஒரு பெரியப்பா இருக்கிறார். சொந்தமில்லை, கூப்பிடும் முறை அப்படி. இளவயதில் துப்பாக்கி தூக்கித் திரிந்தவர், இப்போது கண் தெரியாமல் திண்ணையில் இருக்கிறார். அவர்தான் ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார்: "மக்ளே, உன் லைட்டு உனக்கு முன்னாலதான் எரியுது. உன் முதுகுக்குப் பின்னால நிக்கவனுக்கு நீ வெறும் கறுப்பு. மரத்துல குனிஞ்சு நிக்கும்போ மிளாவும் நீயும் ஒண்ணுதான்."

யோசித்துப் பாருங்கள், உண்மைதான். பட்டையில் கத்தி வைக்கும்போது நம் தலை மரத்தை ஒட்டி இருக்கும். வெளிச்சம் முழுவதும் பட்டையிலும் சிரட்டையிலும்தான் விழும். பின்னாலிருந்து பார்க்கிறவனுக்கு, மரத்தைச் சுற்றி மெதுவாக நகர்கிற ஒரு நிழலும் சருகு மிதிபடும் சத்தமும்தான். அதுவும் வெட்டுக்குப் போகிற சட்டை எந்த நிறத்தில் இருக்கும்? வாங்கும்போது நீலமோ பச்சையோ, பால் பட்டுப் பட்டுக் காய்ந்து கறுப்பும் தவிட்டு நிறமுமாகத் தோல்போல விறைத்துப் போயிருக்கும். மிளாவின் நிறம் வேறு என்ன?

அதனால் முதுகுக்கு ஒரு லைட். சைக்கிள் கடையில் பின்பக்கம் மாட்டுகிற சிவப்பு மினுக்கு லைட் கிடைக்கும். அதை வாங்கி இடுப்பு பெல்ட்டின் பின்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். எந்த மிருகத்தின் முதுகிலும் சிவப்பு விளக்கு மினுங்காது. மிருகத்தின் கண் டார்ச் வெளிச்சத்தில் மின்னும், அதைக் குறிவைத்துத்தான் சுடுவார்கள். மினுங்கி மினுங்கி அணைகிற சிவப்பைப் பார்த்தால் சுடுகிற கை நின்றுவிடும். இதோடு ரோடு வேலைக்காரர்கள் போடுகிற ஆரஞ்சுச் சட்டை, ஒளிப்பட்டை தைத்தது, மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. டார்ச் அடித்தால் அந்தப் பட்டை பளீரென்று திரும்ப அடிக்கும். பால் பட்டு மங்கிப்போனால் பட்டையை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள், காயவிட்டால் பிறகு போகாது.

ஆரஞ்சு விஷயம் எனக்கு அக்கா மகன் சொல்லித்தான் தெரியும். அவன் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கிறான். அங்கே மான் வேட்டை சட்டப்படி நடக்கிறது, அரசாங்கமே நாள் குறித்து லைசென்ஸ் கொடுக்கிறது. துப்பாக்கி சீசனில் மானுக்குப் போகிறவன் தலை, மார்பு, முதுகு மூன்றும் சேர்த்து 250 சதுர அங்குலம் ஆரஞ்சு தெரிகிற மாதிரி உடுத்தியே ஆக வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்று விதி. மானுக்கு அந்த நிறம் நமக்குத் தெரிகிற மாதிரி எடுப்பாகத் தெரியாதாம், அதனால் வேட்டை கெடுவதில்லை. அங்கத்து மானுக்கு வால் அடிப்பக்கம் வெள்ளை, ஓடும்போது தூக்கிக் காட்டும். அதனால் காட்டுக்குப் போகும்போது வெள்ளைத் துணி வெளியே தெரியக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பார்களாம். லைசென்ஸ் உள்ளவர்களே ஒருவரை ஒருவர் சுட்டுவிடாமலிருக்க இவ்வளவு பாடு. திருட்டுத்தனமாக வருகிறவன் எந்த விதியைப் பார்க்கப் போகிறான்? அதனால் இங்கே நாம்தான் உடுத்த வேண்டியிருக்கிறது.

அடுத்தது சத்தம். போனில் பாட்டுப் போட்டுச் சட்டைப் பையில் வையுங்கள். காதில் மாட்டிக் கேட்காதீர்கள், நம் சத்தம் அவனுக்குக் கேட்பதுபோலவே அவன் சத்தமும் நமக்குக் கேட்க வேண்டும். கோதையாறு, குற்றியாறு பக்கம் யானை வருகிற இடங்களில் இது இன்னும் முக்கியம். டவர் இல்லாத இடத்துக்கு முன்கூட்டியே பாட்டை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு வரும் நிகழ்ச்சி இன்னும் நல்லது, மனிதக் குரல் தனியாகத் தெரியும். ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசைக்குத் திரும்பும்போது நாங்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வோம். பதில் வந்தால்தான் நகர்வது.

இதெல்லாவற்றையும்விடப் பலன் தருவது டீக்கடை என்பேன். வேட்டைக்கு வருகிறவன் பெரும்பாலும் வெளியூர்க்காரன் இல்லை. வந்தாலும் வழிகாட்ட உள்ளூரில் ஒருவன் இருப்பான். அவனும் நாம் டீ குடிக்கிற கடையில்தான் டீ குடிக்கிறான். "நாளைக்கு மேல் பிளாக்கில் வெட்டு, மூணு மணிக்கே போயிருவோம்" என்று சாயங்காலம் கடையில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வாருங்கள். யாரையும் பார்த்துச் சொல்ல வேண்டாம், பொதுவாகச் சொன்னால் போதும். போய்ச் சேர வேண்டிய காதுக்குப் போய்ச் சேரும். பிளாக் மாறினாலும், மழை விட்டுத் திடீரென்று வெட்டு வந்தாலும் அதையும் சொல்லிவிடுவோம். ஆள் வராது என்று நினைத்து வந்தவன்தான் பதறிச் சுடுவான்.

துப்பாக்கிக்குப் பயப்படுகிற நாம் கம்பிக்குப் பயப்படுவதில்லை. அதுதான் எனக்குக் கவலை. பன்றிக்கென்று சில இடங்களில் கட்டுக்கம்பியை முழங்காலுக்குக் கீழே இழுத்து, மேலே போகிற லைனில் கொக்கி போட்டுக் கரண்ட் விடுகிறார்கள். மரச்சீனி விளையைச் சுற்றியும், ஓடைக் கரையிலும், தோட்டத்துக்கு வேலி விட்டுப்போன சந்திலும்தான் அதிகம். புதிதாக நட்ட குச்சிகள் ஒரே வரிசையில் நின்றால் நில்லுங்கள். புல் நுனி ஒரு கோடாகக் கருகியிருந்தாலும், தவளை, எலி, பாம்பு ஒரே நேரில் செத்துக் கிடந்தாலும் அப்படியே நில்லுங்கள். குறுக்குவழி வேண்டாம், தினமும் நடக்கிற தடத்திலேயே போங்கள். லைட்டை ஒருமுறை தரையோடு தாழ்த்தி அடித்துப் பார்த்தால் கம்பி பளபளக்கும்.

கம்பி அறுந்து தரையில் கிடந்தால் பக்கத்தில் போகவே கூடாது. ஏற்கெனவே பக்கத்தில் வந்துவிட்டால், கால் இரண்டையும் சேர்த்து, பாதத்தைத் தரையிலிருந்து தூக்காமல் உரசி உரசிப் பின்வாங்குங்கள். எட்டி நடந்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் நடுவே கரண்ட் ஏறும். யாராவது மாட்டிக் கிடந்தால் ஓடிப்போய்த் தொடத்தான் மனசு வரும். தொட்டால் இரண்டு பேரும் போய்விடுவோம். எந்த லைனிலிருந்து இழுத்திருக்கிறான் என்று நமக்குத் தெரியாது, கம்பு வைத்துத் தள்ளுகிற வேலையும் வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அதில் சொல்லி லைனை ஆஃப் செய்யச் சொல்லுங்கள், கூடவே 112க்கும் அடியுங்கள்.

அவுட்டுக்காய், மேற்கே பன்றிப் படக்கம் என்பார்கள், அது இன்னொரு சனியன். கோழிக்குடல், மீன் கழிவு, பழம் என்று ஏதாவது தீனிக்குள் வெடியைப் பொதிந்து போட்டுவிடுவார்கள். கடித்தால், மிதித்தால், அழுத்தினால் வெடிக்கும். தோட்டத்தில் நூல் சுற்றிய உருண்டையோ, இடமில்லாத இடத்தில் கறித்துண்டோ கிடந்தால் காலால் தட்டிப் பார்க்காதீர்கள், குச்சியால் கிளறாதீர்கள். நாலு பக்கமும் எட்டத்தில் கொடி கட்டி அடையாளம் வைத்துவிட்டு வந்து போலீசுக்குச் சொல்லுங்கள். நாயை அழைத்துக்கொண்டு வெட்டுக்குப் போவதை நாங்கள் இதனால்தான் விட்டோம். நாய் அதை வாயில் கவ்வி நம்மிடமே கொண்டுவந்து கொடுக்கும். லீவு நாளில் ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த பால்) பொறுக்க வருகிற பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பைக் கிளட்ச் ஒயரில் கட்டிய சுருக்குகளும் உண்டு. கண்டால் கழற்ற வேண்டாம். எங்கே என்று மனதில் வைத்து வனக்காவலரிடம் சொன்னால் போதும். கழற்றியது யார் என்று கட்டியவன் விசாரிப்பான்.

சரி, பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டுவிட்டது. ஓடாதீர்கள். சருகில் தடதடவென்று ஓடுகிற சத்தம்தான் அடுத்த குண்டை வரவழைக்கும். நாட்டுத் துப்பாக்கியில் மறுபடி மருந்து போட்டு இடிக்க நேரம் பிடிக்கும், ஆனால் வந்திருப்பது ஒரே துப்பாக்கிதான் என்று எப்படித் தெரியும்? ரப்பர் மரம் ஒல்லி, அதற்குப் பின்னால் நின்றால் பாதி உடம்பு வெளியே. மலைச்சரிவில் மேடை வெட்டித்தானே மரம் வைத்திருக்கிறோம், அந்த மேடைத் திட்டுக்குப் பின்னால் படுத்துவிடுங்கள். லைட்டை அணைக்காதீர்கள், கழற்றி மேலே பார்த்து அசையுங்கள். "ஓய், ஆளு நிக்கு! வெட்டுக்காரங்க!" என்று அடித்தொண்டையில் கத்துங்கள். ஓடைக்குள் மட்டும் இறங்கக் கூடாது. மேலிருந்து நாயும் ஆளுமாக விரட்டி, கீழே ஓடை வாயில் துப்பாக்கியோடு காத்திருப்பது அவர்கள் வழக்கம். விரட்டின மிருகமும் அந்த வழியாகத்தான் வரும், அடிபட்ட பன்றி எதிரே நிற்பதை எல்லாம் குத்தும்.

நேருக்கு நேர் பார்த்துவிட்டால்? லைட்டை முகத்தில் அடிக்காதீர்கள், தரைக்குத் தாழ்த்துங்கள். போனைக் கையில் எடுக்காதீர்கள், படம் பிடிக்கிறோம் என்று நினைப்பான். தெரிந்த முகமாக இருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். "வெட்டுக்குப் போறோம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு நம் வழியில் நடப்பதுதான். மறுநாள் வீட்டு வாசலில் பொட்டலம் வந்தாலும் வாங்கக் கூடாது. மிளாவோ, கேளையாடோ, சருகுமானோ, கொன்றவனுக்கு மட்டுமல்ல, கறி வைத்திருப்பவனுக்கும் கேஸ் உண்டு. தகவல் சொல்வதாக இருந்தால் காட்டைவிட்டு இறங்கி, அழகியபாண்டியபுரமோ குலசேகரமோ களியலோ, நம் பகுதி எந்த ரேஞ்ச் (வனச்சரகம்) என்று பார்த்து அங்கே சொல்லுங்கள், பெயர் வெளியே வரக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள்.

இடையில் ஒரு குழப்பம். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றியை வனத்துறையே சுடலாம் என்று 2025இல் தமிழ்நாட்டில் முடிவானது. கேரளத்தில் 2022 முதல் ஊராட்சி மூலமாக லைசென்ஸ்காரர்களை வைத்துப் பன்றியைச் சுடுகிறார்கள். ஆறுகாணி, பத்துகாணி பக்கம் எல்லையில் இருப்பவர்களுக்குக் கேட்கிற வெடி சட்டப்படியானதாகவும் இருக்கலாம். குண்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, முதுகு லைட்டை மாட்டிக்கொண்டே போங்கள்.

யாருக்காவது குண்டு பட்டால் சில்லைப் பிடுங்காதீர்கள். தோர்த்தை (துண்டை) மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்துங்கள், நனைந்தால் எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்று. மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம், குடிக்கவும் கொடுக்காதீர்கள். 108 மேலே வரை ஏற முடியாது, அதனால் வண்டி நிற்கிற முக்கு எது என்று சொல்லி அங்கே வரச் சொல்லுங்கள். பால் சுமக்கிற காவுகம்பு இரண்டும் ஒரு சாக்கும் இருந்தால் ஆளைப் படுக்கவைத்தே இறக்கலாம். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போவதற்குள் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்லுங்கள். விழுந்துவிட்டான், மரம் குத்திவிட்டது என்று சொன்னால் டாக்டர் உள்ளே சில்லைத் தேட மாட்டார்.